ஊசிக்குருவிப் பந்தயம்

சாரல் விட்ட காலையில் இட்லிப்பூச் செடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் அசையாமல் நின்றால், யாரோ விசிறியால் மெல்ல வீசுவதுபோலக் கன்னத்தில் ஒரு காற்று படும். அதைத் தொடர்ந்து ஒரு ரீங்காரம் கேட்கும். அப்புறம்தான் அது கண்ணுக்குத் தெரியும். பெருவிரல் பருமனில் பழுப்பு உடம்பும் விரிந்த வாலுமாக, பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே, ஊசிபோல் நீண்ட குழலைப் பூப்பூவாக விட்டு எடுத்துக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் அதற்கு "ஊசிக்குருவி" என்று பேர். வைத்தது அம்மா.

தென்காசியில் குற்றாலம் ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. ஐம்பதுகளின் கடைசியில் ஒரு சீசனுக்கு, கொழும்பில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த சுப்பையா மாமா வந்திருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. தாயில்லாப் பிள்ளையான அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தது அம்மாதான். வரும்போது கறுப்பாக ஒரு பெட்டிக் கேமரா கொண்டுவந்தார். அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, மேலே உள்ள சின்னக் கண்ணாடியைக் குனிந்து பார்த்துப் படம் எடுக்க வேண்டும். பேரருவியை எடுத்தார், குரங்குகளை எடுத்தார், உடம்பெல்லாம் எண்ணெய் வழியத் தங்கள் முறைக்குக் காத்துநின்ற சீசன் கூட்டத்தையும் எடுத்தார். ஆனால் அவர் கடல் தாண்டி வந்தது இதற்கெல்லாம் இல்லை என்று எனக்குத் தெரியும். தன் அக்காவை ஒரே ஒரு படம் எடுத்துக் கையோடு கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான்.

அம்மாவோ கேமராவைக் கண்டாலே அடுப்படிக்குள் போய்விடுவாள்.

"யக்கா, அங்கன ஒன் நெனப்பு வந்தா எடுத்துப் பாத்துக்கிடுவேம்லா" என்று மாமா கெஞ்சுவார்.

"நெனப்பு வந்தா கப்பலேறி வாலே. செவுத்துல தொங்குதவுகள எல்லாம் பாரு. ஒருத்தராவது உசுரோட இருக்காவளா?"

எங்கள் வீட்டுச் சுவரில் தாத்தா, பெரிய தாத்தா, பெரியப்பா என்று வரிசையாக மாலை போட்ட படங்கள் தொங்கின. அம்மாவின் கணக்குப்படி அவர்கள் செத்ததால் படமாகவில்லை, படமானதால் செத்தார்கள். இந்தக் கணக்கை மாற்ற வக்கீல் குமாஸ்தாவான என் அப்பாவாலேயே முடியவில்லை.

ஒருநாள் பேச்சு ஊசிக்குருவி பக்கம் திரும்பியது. மாமா செடிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இது குருவியில்லக்கா, பூச்சி. மண்டையில ரெண்டு கொம்பு நீட்டிக்கிட்டு இருக்கு பாரு" என்றார்.

"பூச்சிக்கு எங்கலே வாலு விரியும்? கொழும்புக்குப் போயி குருவிக்கும் பூச்சிக்கும் வித்தியாசம் தெரியாமப் போச்சே ஒனக்கு" என்றாள் அம்மா.

அக்காவும் தம்பியும் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். கடைசியில் பந்தயம் வைத்தார்கள். ஊசிக்குருவியைப் படம் பிடிப்பது, படத்தில் கொம்பு தெரிந்தால் அம்மா கேமரா முன்னால் நிற்க வேண்டும், தெரியாவிட்டால் மாமா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. அப்பாதான் நீதிபதி.

வெயில் இருந்தால்தான் அந்தப் பெட்டியில் படம் விழும். அதற்குப் பிறகு பார்த்தால் வெயிலைக் காணோம். சீசனுக்கு வந்தவர்கள் எல்லாரும் சாரலைப் புகழ்ந்துகொண்டிருக்க, நானும் மாமாவும் மட்டும் மலையைப் பார்த்து வைதுகொண்டிருந்தோம். அவர் ஊர் திரும்பும் நாள் நெருங்கிவிட்டது. படச்சுருளிலும் மிச்சம் அதிகம் இல்லை. அவர் முகம் வாட வாட எனக்கு அம்மாமேல் கோபமாக வந்தது.

ஒரு காலை, மேகம் விலகிச் சுள்ளென்று வெயில் அடித்தது. ஊசிக்குருவியும் வந்தது. "அசையாதட்டி" என்று என்னிடம் கிசுகிசுத்துவிட்டு மாமா பெட்டியை வயிற்றோடு அணைத்துக் குனிந்தார். அது ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குத் தாவுகிற வேகத்தில் குனிந்த தலையோடு அவரும் நகர்ந்தார். 'டக்' என்று சத்தம் கேட்டபோது அது வேறு கொத்துக்குப் போய்விட்டிருந்தது. சுருள் தீருமட்டும் இதே கதைதான்.

தென்காசி ஸ்டூடியோவில் கழுவி வாங்கிவந்த படங்களை அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஊசிக்குருவி எதிலும் உருவமாக விழவில்லை. ஒன்றில் மட்டும், மங்கிப்போன இட்லிப்பூக் கொத்துக்கு மேலே, எண்ணெய்க் கை பட்டதுபோல ஒரு கறை. கொம்பும் இல்லை, வாலும் இல்லை. "கேஸ் தள்ளுபடி" என்று சொல்ல வாயெடுத்த அப்பா அப்படியே நிறுத்திவிட்டார். செடிக்குப் பின்னால், கிணற்றடியில், அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பது எதுவும் சரியாகத் தெரியாது. தள்ளி நிற்பதுதான் தெளிவாக விழும். யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்க்க வந்த அம்மா, பெட்டி பூவைத்தானே பார்க்கிறது என்ற தைரியத்தில், ஈரத்தலையை வெயிலுக்கு விரித்துப்போட்டபடி நின்றுவிட்டாள். அவள் கண் ஊசிக்குருவிமேல் இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. மாமாவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

படத்தைக் கொடுத்தபோது அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "நான் இப்படியாலே சிரிப்பேன்?" என்றாள். பிறகு, "கொண்டு போ. செவுத்துல மட்டும் மாட்டிராத" என்றாள். மாமா தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது.

வீட்டுக்கென்று போட்ட இன்னொரு பிரதி டிரங்குப் பெட்டியில் பட்டுச்சேலைக்கு அடியில் போயிற்று. அதற்குப் பிறகு அம்மா கேமரா முன் நிற்கவே இல்லை. என் கல்யாணத்தன்றுகூடப் பந்தி கவனிக்கிற சாக்கில் தப்பிவிட்டாள். ஆயுசு ஒன்றும் குறையவில்லை, பேரப்பிள்ளைகளின் கல்யாணம் வரை பார்த்துவிட்டுத்தான் போனாள்.

போனபிறகு சுவரில் மாட்ட அந்த ஒரு படம்தான் இருந்தது. பெரிதாக்கக் கொடுத்த இடத்தில், கம்ப்யூட்டர் முன் இருந்த பையன், "இந்தக் கறைய எடுத்துரட்டுமா பாட்டி?" என்று கேட்டான். "வேண்டாம் தம்பி, அத எடுத்துட்டா அவ எதப் பாத்துச் சிரிக்கா?" என்றேன்.

வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு லாட்ஜ். கிணற்றைத் தூர்த்துக் கார் நிறுத்துகிறார்கள். போன சாரலில், நான் இப்போது இருக்கும் வீட்டில் தொட்டியில் வைத்திருக்கும் இட்லிப்பூவுக்கு ஊசிக்குருவி வந்தது. பேத்தி செல்போனை நீட்டி ஒரு நொடியில் எடுத்துக் காட்டினாள். சிறகு அப்படியே நின்றது. தலையில் இரண்டு கொம்பும் துல்லியமாகத் தெரிந்தன. பூச்சிதான், மாமா, பந்தயம் உங்களுக்குத்தான். கேட்பதற்கு அவரும் இல்லை, தோற்பதற்கு அம்மாவும் இல்லை.

பேத்தி சொல்லிக்கொடுத்தபடி விரலால் இழுத்துப் படத்தைப் பெரிதாக்கினேன். பூச்சியைப் பார்க்கிறேன் என்று அவள் நினைத்திருப்பாள். நான் பூவுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று தேடினேன். வெள்ளையடித்த காம்பவுண்டுச் சுவர்தான் இருந்தது.