துரு வைத்தவள்

என் கணவருடைய மோட்டார் சைக்கிளின் சக்கரங்களைத் துருப்பிடிக்க வைத்தவள் நான்தான்.

கை தவறி நடந்ததல்ல. மூன்று வாரம், தெரிந்தே செய்தேன்.

இதற்கா ஒரு வாக்குமூலம் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள்! முழுவதும் கேட்ட பிறகும் சிரிப்பு வந்தால், அப்போதும் சிரியுங்கள்.

என் பெயர் அஞ்சலை. மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை. பன்னிரண்டாவது வரை படித்தவள். ஆகவே யாரிடமும் சொல்லி எழுத வைக்காமல் நானே எழுதுகிறேன். என் கணவர் ஏழுமலை, பொம்மையார்பாளையம் பக்கம் கடற்கரை விடுதி ஒன்றில் காவலாளி. எங்கள் திருமணத்துக்கு முன்பே அந்த வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. அந்தக் கணக்கில் அது எனக்கு மூத்தாள்!

எங்கள் ஊர்க் காற்றில் இரும்பு நிலைக்காது. கதவுத் தாழ்ப்பாள் வருடம் தாங்காது; புது ஆணி மழைக்காலத்துக்குள் பொடியாகும். அந்த ஊரில் ஏழுமலையின் வண்டிச் சக்கரங்கள் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னின. குரோம் பூசிய வளையம், சக்கரத்துக்கு முப்பத்தாறு கம்பி. விடுதிக்கு வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே... என்னைப் பற்றிச் சொல்லும்போது அந்த முகம் ஒருநாளும் அப்படி ஆனதில்லை.

மின்ன வைத்தது யார்? அவரா?

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர். மற்ற ஆறு நாளும் நான்! மாலையில் அவர் வந்து வண்டியை நிறுத்தியதும், நல்ல தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வொரு கம்பியாகத் துடைக்க வேண்டும். கம்பி வளையத்தில் சேருகிற இடத்தில் ஈரம் தங்கும். அங்கே காய்ந்த துணியை முறுக்கிவிட்டு எடுக்க வேண்டும். பிறகு தேங்காய் எண்ணெய், மெல்லிசாக, தடவினது தெரியாமல். எல்லாம் அவரே கற்றுக்கொடுத்தது. ஒரு சக்கரத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று தெரிந்தவளுக்கு, அதை எப்படி அழிப்பது என்று தனியாகக் கற்றுத்தர வேண்டுமா?

ஆறு வருடத்துக்கு முன் ஒரு கோடையில் என் வலது பாதம் வெடித்துப் புண்ணானது. பாத்தியில் நாளெல்லாம் உப்புத் தண்ணீரில் நிற்கிற கால். வீட்டிலிருந்து அளத்துக்கு நாற்பது நிமிட நடை.

"வரப்பு வரைக்கும் வண்டில எறக்கி வுடுங்களேன், கால ஊணவே முடியல" என்று ஒரு காலை கேட்டேன்.

"உப்பு மண்ணுல வண்டிய எறக்கச் சொல்றியா? சக்கரம் இன்னாத்துக்கு ஆவும்? மெதுவா நடந்து போ."

மெதுவாக நடந்து போனேன்.

நான்காவது நாள், கூடையைத் தலையில் ஏற்றியபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது. என் கொழுந்தன் வேலு, என் கணவரின் ஒரே தம்பி, எங்களோடுதான் இருந்தான்; அதே அளத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிற வேலை. வீட்டுக்கு ஓடி, அண்ணன் விடுமுறையில் தூங்கிக்கொண்டிருந்ததால் கேட்காமலே சாவியை எடுத்து, வரப்புமேலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான்.

"ஏறுங்க அண்ணி. அண்ணன் திட்டுனா நான் பாத்துக்கறேன்."

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, கட்டுக் கட்டி, கூட்டிவந்தான். இறங்கினதும் தண்ணீர் பிடித்து அவனே சக்கரங்களைக் கழுவினான். என் கணவர் எழுந்து வந்து பார்த்தார். தம்பியை நாலு வார்த்தை திட்டினார். பிறகு உட்கார்ந்து, அவன் கழுவினதையே திரும்பவும் ஒரு மணி நேரம் கழுவினார்.

நான் வாசற்படியில் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு கை தூரம். கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை! கேட்கவில்லை.

மறு வாரம் வேலைக்குப் போனேன். திரும்பும்போது ஒரு பாட்டில் நிறைய, உப்பு வாரிய பின் பாத்தியில் மிஞ்சி நிற்கிற கசப்பு நீரை நிரப்பிக்கொண்டு வந்தேன்.

அன்று மாலை அந்த நீரில்தான் துணியை நனைத்தேன். கம்பியும் வளையமும் சேருகிற இடங்களில் சொட்டுச் சொட்டாக விட்டேன். காலையில் அவர் எழும்முன், மேலே பூத்த வெள்ளையை மட்டும் துடைத்தேன். உள்ளே இருப்பது உள்ளேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் கழுவுவார். திங்கட்கிழமை நான் தொடங்குவேன்.

வருந்துகிறேன் என்று எழுதுவேனென்று எதிர்பார்க்கிறீர்களா? மாட்டேன்! கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் வீட்டில் நான் விரும்பிச் செய்த வேலை அது ஒன்றுதான்.

மூன்றாவது ஞாயிறு அவர் கண்டுபிடித்தார். கம்பி முனைகளில் செம்புள்ளிகள். சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைக் கசக்கித் தேய்த்தார். புள்ளியோடு சேர்ந்து குரோமும் செதிலாகப் பெயர்ந்து வந்தது. அவர் அழுதார். மெய்யாகவே அழுதார்!

பிறகு வேலுவைக் கூப்பிட்டார்.

"டேய், உப்பளத்துல வுட்டியே அன்னிக்கி... பாருடா! பாத்தியா இன்னா பண்ணி வெச்சிருக்கன்னு?"

"நல்லாதான் கழுவுனேன்ணே..."

"பொய் சொல்லாத. என் வூட்ல இனிமே நீ இருக்காத. உன் கல்யாணத்துக்கும் நான் வந்து நிக்க மாட்டேன், போ."

வேலு என்னைப் பார்த்தான். அன்று அவன் யாருக்காக வண்டியை எடுத்தான் என்பதை நானாவது எடுத்துச் சொல்வேன் என்று நினைத்திருப்பான். அதைக்கூட நான் சொல்லவில்லை.

பயமா? பயமும்தான். ஆனால் உங்களிடம் மறைப்பானேன்... அந்த நிமிடம் என் கண் என் கணவரின் முகத்தில் இருந்தது. அந்த அழுகையைப் பார்க்கப் பார்க்க எனக்கு இனித்தது. வாயைத் திறந்தால் அந்த இனிப்பு போய்விடும். அதனால் திறக்கவில்லை.

வானூர்ப் பக்கம் ஒரு பெண்ணை அப்போது வேலுவுக்குப் பேசி முடித்திருந்தார்கள். சொந்த அண்ணனே நிற்க மறுக்கும் இடத்தில் எப்படிப் பெண் கொடுப்பது என்று அவர்கள் விலகிக்கொண்டார்கள். அவன் சென்னைப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனான். ஆறு வருடம் ஆகிறது. என் கணவர் அந்தச் சக்கரங்களைக் கழற்றிப் போட்டுப் புதியது மாட்டினார். தம்பியைப் பற்றி வீட்டில் பேச்சே எடுப்பதில்லை.

போன மாதம் வேலுவிடமிருந்து போன் வந்தது.

"அண்ணி, ரேஷன் கார்டுல என் பேர எடுக்கணும். குடும்பத் தலைவி நீங்கதான... ஒரு கையெழுத்து போடணும். தாலுகா ஆபீசுக்கு வர்றீங்களா?"

போனேன். இளைத்திருந்தான். கல்யாணம் ஆகிவிட்டதாம்; எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் இல்லாத கல்யாணம். டீ வாங்கிக் கொடுத்தான்.

"கால் இப்ப எப்டி இருக்குது அண்ணி?"

அவன்தான் கேட்டான்.

பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அன்னிக்கி நான் சரியா கழுவல போல, அண்ணி. ஆஸ்பத்திரில இருந்து வந்த அவசரம்... எங்கயோ உப்பு ஒட்டியிருந்துருக்கும். அண்ணன் மேல தப்பு இல்ல. நான்தான் பாத்து கழுவியிருக்கணும்."

ஆறு வருடம் யோசித்து, குற்றம் தன்னுடையதுதான் என்று அவன் முடிவுக்கு வந்திருந்தான்!

அப்போது சொல்லியிருக்கலாம். சுற்றிலும் யாரும் இல்லை, கணவர் இல்லை, பயப்பட ஒன்றுமே இல்லை. உதடு பிரிந்தது... "பழசெல்லாம் எதுக்கு வேலு" என்றுதான் வந்தது.

துரு வைத்ததற்கு நான் யார் காலிலும் விழ மாட்டேன். என் கணவர் இதைப் படித்தாலும் சரி. நாளைக்கே கேட்கட்டும், ஆமாம் என்பேன்! ஆனால் வேலு கேட்டால்...

விண்ணப்பத்தில் காரணம் என்று ஒரு கட்டம். 'திருமணம், தனிக்குடித்தனம்' என்று அழகான கையெழுத்தில் அவனே எழுதிவைத்திருந்தான். அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

"ரொம்ப தேங்க்ஸ் அண்ணி" என்றான்.