ஆமைக்கு மரியாதை

கணபதி பகுதியில் உள்ள அந்த மெட்ரிக் பள்ளியின் 1996ஆம் ஆண்டு நியமன ஆணைப்படி செவ்வந்தி, ‘கணினி அறை உதவியாளர், கணினிகளுக்கு உறை போடுவதும் எடுப்பதும், செருப்பு உள்ளே வராமல் பார்ப்பதும் பணி’. கணிதத்தில் பட்டம் வாங்கியவர் செருப்பு விஷயத்திலும் தேறிவிடுவார் என்று நிர்வாகம் நம்பியது. கணினி ஆசிரியர் பெங்களூருக்குப் போய்விட, மூன்றாம் வகுப்பு இவர் தலையில் விழுந்தது.

திரையில் ஓர் ஆமை. கட்டளை தட்டினால் நகர்ந்து கோடு போடும்.

“இது கணக்கு இல்லீங்க, பேச்சுங்க. நாம சொன்னது அதுக்குப் புரியலைன்னா தப்பு நம்ம பேச்சுலதான்” என்று தலைமை ஆசிரியையிடம் சொன்னார் செவ்வந்தி. அப்படியானால் தமிழ் வகுப்பையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் குத்தினார்.

பிள்ளைகளுக்குப் பேச்சு என்றே புரிந்தது. முன்னே ஐம்பது அடி போ என்று ஆங்கிலத்தில் தட்டிவிட்டு, வாலில் அதே ஆங்கில எழுத்தில் என்.ஜி.ஏ. என்று ‘ங்க’வையும் சேர்த்தார்கள். வளர்ப்பு அப்படி. அப்படியொரு சொல் தனக்குத் தெரியாது என்று கணினி ஆங்கிலத்தில் முறைத்தது. ஆமையிடம் ‘ங்க’ வேண்டாம் என்று செவ்வந்தி சொல்லிவைத்தார். அன்று மாலையே ரித்திகா வீட்டில் தன் தாத்தாவிடம், “அப்பாரு, தண்ணி கொண்டா. மூணு அடி முன்ன வா” என்றாள்.

தாத்தா, பள்ளித் தாளாளர் அங்கப்பன். தொண்டாமுத்தூரில் அவர் தோட்டத்தில் வேலை செய்தவரின் மகள்தான் செவ்வந்தி. மறுநாள் காலை அங்கப்பன் செருப்போடு கணினி அறைக்குள் வந்தார்.

“உன்ற சனம் பேசற மாதிரி என்ற பேத்தியப் பழக்கி உட்டுட்டியா? வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தப் பொட்டி மரியாதை படிக்கோணும். இல்லாட்டி நீ ஊடு போய்ச் சேரு.”

மரியாதை பற்றிய இந்த உரையில் ஒரு ‘ங்க’ கூட இல்லை. வேலை போனால் செவ்வந்திக்கு மறுபடி அதே தோட்டம்தான்.

அந்தக் கணினி மொழியில் புதுச் சொல் ஒன்றைச் சேர்த்து, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதிவைக்கலாம். செவ்வந்தி என்.ஜி.ஏ. என்று எழுதினார், என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தைக் காலியாக விட்டு முடித்தார். வெள்ளிக்கிழமை ரித்திகா ‘ங்க’ போட்டுத் தட்ட, ஆமை முறைக்காமல் நகர்ந்தது. அங்கப்பனின் முகம் மலர்ந்தது. மலர்ந்த வாக்கில், பெட்டிக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று பேத்தியைக் கேட்டார்.

“ஒண்ணுமே இல்லீங்க அப்பாரு. ‘ங்க’ன்னா ஒண்ணும் செய்ய வேண்டாம்னு அர்த்தமுங்க. அது ஆமைக்கு இல்லியாமா, பக்கத்துல நின்னு பாக்கறவங்களுக்காமா. டீச்சர் சொன்னாங்க.”

மதிய மணி அடிக்குமுன் செவ்வந்தியிடமிருந்து அறைச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பதிவேட்டில் காரணம்: ஒழுங்கீனம்.

செவ்வந்தி அங்கே ஏழு மாதம், எட்டு வயதுப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேருக்கு, நினைத்ததை எதிரே இருப்பவருக்குப் புரிகிற வரிசையில் சொல்லக் கற்றுக்கொடுத்தார்.