செயலாளர் வீட்டுக்குப் போன சாமான்

மளிகைக் கடையில் பதினாறு வருடமாகத் தராசில் நிற்பவள் என்பதால் எல்லோருக்கும் அவள் தராசக்கா. தொற்றுக் காலத்தில் கடைக்குள் கூட்டம் கூடாது என்றானதும், போனில் கேட்ட சாமானை ஸ்கூட்டரில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோகும் வேலையும் அவள் தலையில் விழுந்தது.

அதிலும் ஒழுங்கு பிசகமாட்டாள். மாஸ்க் மூக்கை விட்டு இறங்காது. பையை வாசலில் வைத்து மணியடித்துவிட்டு நாலெட்டு பின்னால் நிற்பாள். வீடு திரும்பினால் குளிக்கும்வரை பெற்ற மகளைக்கூட அண்டவிட மாட்டாள்.

ஒருநாள் காலை ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றின் கேட்டில் அதன் செயலாளர் அவளை மறித்தார். முதுகில் மருந்தடிக்கும் டப்பா.

"ஊரெல்லாம் சுத்திட்டு வர்றீங்க. அப்படியே நில்லுங்க."

முதலில் பைகளின்மேல் அடித்தார். அவள் தள்ளி நிற்பதற்குள் தலையிலிருந்து கால்வரை அடித்துவிட்டார். பிளீச்சிங் தண்ணீர். இடது கண்ணுக்குள் தீயை வைத்தது போலிருந்தது. தட்டுத் தடுமாறித் தோட்டக் குழாயைத் திறந்தாள்.

"குழாயத் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து அதை மூடினார். பால்கனியில் யாரோ சிரித்தார்கள். யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள்.

கண் பிழைத்தது. ஆனால் வெயில் பட்டால் நீர் வடிவது நிற்கவில்லை. கண்ணைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் குழாயை மூடிய கையைத்தான் மறக்க முடியவில்லை. பருப்பை நிறுக்கும்போதும் அந்தக் கைதான் முன்னால் வந்து நின்றது.

இருபது நாள் கழித்துக் கடைக்கு ஒரு போன் வந்தது. செயலாளர்தான். அவருக்கும் மனைவிக்கும் தொற்று. பதினைந்து நாள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது. அக்கம்பக்கத்தில் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லையாம்.

முதலாளி தயங்கினார். "யாரை அனுப்பறது?"

"நானே போறேன்" என்றாள். குரலில் இருந்த குஷியைக் கேட்டு முதலாளிக்கே பயம் வந்தது.

ஒரு குறையும் சொல்ல வாய்ப்பிருக்கக் கூடாது என்று பழத்தைப் பொறுக்கி எடுத்தாள். பால் பாக்கெட்டின் தேதியைப் பார்த்து வைத்தாள். குடியிருப்பு முற்றத்தின் நடுவில் பைகளை வைத்துவிட்டு அவருக்குப் போன் செய்தாள்.

"பால்கனிக்கு வாங்க, சார்."

மூன்றாம் மாடியில் அவர் வந்து நின்றார். நாலு நாளில் பாதியாக இளைத்திருந்தார்.

"சாமான் மேல வரணும்னா, அன்னிக்கு என்ன பண்ணீங்கன்னு சத்தமாச் சொல்லுங்க."

"அம்மா, உடம்பு முடியல…"

"கண்ணு முடியாமத்தான் நானும் நின்னேன்."

ஒவ்வொரு பால்கனியிலும் தலைகள் முளைத்தன. உள்ளேயிருந்து அவர் மனைவி இருமுவது கீழேவரை கேட்டது. தராசக்கா பைகளை ஒருமுறை பார்த்தாள், ஆனாலும் அசையவில்லை.

"தண்ணி அடிச்சேன்" என்றார்.

"தண்ணியா?"

"பிளீச்சிங். உங்க மேல அடிச்சேன். கண் எரிஞ்சு கழுவப் போனப்ப… குழாய மூடினேன்."

அன்றைக்குப் படம் பிடித்த பெண் ஓசைப்படாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தராசக்கா மாடியேறிப் பைகளை வாசலில் வைத்து, மணியடித்து, விலகி நின்றாள். கதவைத் திறந்தவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சிடுங்கம்மா."

"பழத்த வெறும் தண்ணில கழுவுங்க, சார். மருந்தடிச்சுடாதீங்க. அது திங்கிற பொருள்."

பதினைந்து நாளும் சாமானைத் தவறாமல் கொண்டுபோனாள். ஒருநாளும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

இருவரும் தேறினார்கள். அடுத்த வருடம் வீட்டைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். கேள்விப்பட்டதும் தராசக்காவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"நல்லவேளை போயிட்டார். இனியாவது நிம்மதியா இரும்மா" என்றாள் மகள்.

"என்னடி நிம்மதி? இன்னும் ரெண்டு தடவை சொல்ல வச்சிருக்கணும்."