தலைக்கு ஊற்றிய நாள்

என் பிள்ளைகள் குளிக்கப் போனால் கதவைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்ப்பேன். தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டார்கள், அவர்களுக்கு எரிச்சல்தான். எழுபதுகளில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் நான் பார்த்ததை அவர்கள் பார்க்கவில்லை.

அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். மதராசில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். பேச்சு போயிற்று. மூச்சு, கழுத்தடியில் வைத்த துளை வழியாக. இனி ஆயுசுக்கும் அப்படித்தான் என்று டாக்டர் சொன்னதை அம்மா வந்து எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். புண் என்றிருந்தால் ஒருநாள் மூடாமலா போகும் என்று உள்ளூர நினைத்துக்கொண்டார்கள்.

எங்கள் பக்கம் நோயிலிருந்து எழுந்தவருக்கு உடன்பிறந்தவள் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதுவரை அவருக்குத் தனித் தட்டு, தனிப் பாய்; வயலில் கால் வைக்கவும் விடமாட்டார்கள். அப்பாவுக்கு மாதக்கணக்காகக் கழுத்துக்குக் கீழேதான் குளியல். அம்மா மருந்து வாங்கப் பக்கத்து ஊரான சித்தூருக்குப் போன காலையில், அத்தை வேப்பிலையும் மஞ்சளும் போட்டு அண்டாவில் வெந்நீர் வைத்துவிட்டாள்.

"டாக்டரு தலைக்கு ஊத்த வேண்டாமுன்னாருங்களே, அத்தே," என்றேன்.

"அது புண்ணு பச்சையா இருந்தப்பக் கண்ணு. இப்பத்தான் ஆறிப்போச்சே. என்ற தம்பிய இன்னும் எத்தன நாளைக்கு மூலைல உக்கார வெக்கறது?"

அப்பா மறுக்கவில்லை. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி பலகையில் போய் உட்கார்ந்தார்.

"பாத்து ஊத்துங்கக்கா," என்றார் சித்தப்பா. "சுடுதுன்னு அண்ணன் கத்தி ஊரக் கூட்டிப்போடுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், சத்தமில்லாமல்.

முதல் சொம்பிலேயே துண்டு நழுவியது. தண்ணீர் துளைக்குள் இறங்கியது. அப்பாவின் வாய் அகலத் திறந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை. பின்னால் நின்ற அத்தை சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு அடுத்த சொம்பை மொண்டாள். எதிரே நின்ற எனக்கு மட்டும்தான் அவர் முகம் தெரிந்தது. நான் போட்ட கூச்சலில் அத்தையின் கையிலிருந்து சொம்பு விழுந்தது. சித்தப்பா அவரைக் குப்புறக் கவிழ்த்து முதுகில் தட்டினார். துளையிலிருந்து மஞ்சள் தண்ணீர் பீறிட்டது. நீலம் பாரித்த முகத்துக்கு மெல்ல நிறம் திரும்பியது.

அத்தை தலையிலடித்துக்கொண்டு அழுதாள். அப்பா மூச்சு வாங்கியபடி மறுபடி பலகையில் உட்கார்ந்தார். மோவாய்க்கடியில் துண்டை அணையாகப் பிடித்து, தலையை நன்றாக முன்னால் குனிந்து, அத்தையைப் பார்த்துக் கையை ஆட்டினார். ஊற்று.

"வேண்டாஞ் சாமி. என்னால ஆகாது."

அவர் கீழே கிடந்த சொம்பை எடுத்து அவள் கையில் திணித்தார். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி முடித்தாள்.

நான் அன்று முழுக்க அப்பாவின் பக்கம் போகவில்லை. செத்துப் பிழைத்த மனிதர் எதற்காக மறுபடியும் தலையைக் கொடுத்தார் என்று கோபம். மாதக்கணக்காக மூலையில் தனித் தட்டில் சாப்பிட்டவர், மதியம் எல்லோரோடும் வரிசையில் உட்கார்ந்தார். அவர் முன்னாலும் ஒரு இலை விழுந்தது. தண்ணீர் தெளித்து, அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இலை சுத்தமாகத்தானே இருக்கிறது, இன்னும் எதைத் துடைக்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.