யோகமலர் பெயருக்கு வந்த மெயில்

கடையின் இரும்புக் கதவை அரைவாசி தூக்கியிருந்தபோது தொலைபேசி அடித்தது. என் கடையில் வேலை செய்த யோகமலரின் தங்கை பேசினார். "முதலாளி, அக்கா போயிட்டா. விடிய எழுப்பப் போனன், எழும்பேல்ல." எனக்கு முதலில் வந்த எண்ணம், இன்றைக்கு மெயிலை யார் திறப்பது என்பதுதான். அழுகை பிறகுதான் வந்தது. இதை மாற்றிச் சொன்னால் யோகமலர் சிரிப்பார். ஆகவே நடந்தபடியே சொல்கிறேன்.

முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற நினைவுப் புத்தகத்துக்கு என்னை எழுதச் சொன்னதும் தங்கைதான். "நல்லதா ஒரு பக்கம் எழுதுங்கோ" என்றார். நல்லதாக எழுத எனக்கு வராது, சரியாக எழுதப் பார்க்கிறேன். வாசிக்கப்போகிற நீங்களும் அவரிடம் ஏச்சு வாங்கினவர்கள்தானே.

நான் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பையோடு வவுனியாவுக்கு வந்து, வெங்காய மூட்டை சுமந்து, லொறி வாங்கி, சண்டை நின்று வன்னிப் பாதை திறந்த பிறகு பஸ் நிலையத்துக்குக் கிட்ட இந்தக் கொமினிகேசன் கடையைப் போட்டவன். ஒரு கொம்பியூட்டர், ஒரு தொலைபேசி லைன், ஒரே ஒரு மெயில் விலாசம். ஊர் முழுவதற்கும் அந்த ஒரு விலாசம்தான். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் தலைப்பில் ஆளின் பெயரையும் ஊரையும் போட்டு அனுப்புவார்கள். யோகமலர் அதைப் பிரிண்ட் எடுத்து, எழுத்துத் தெரியாமல் கவிழ்த்து, மூன்றாக மடித்து, ஸ்டேப்ளர் அடித்து, மேலே பெயர் எழுதிக் கொடுப்பார். ஒருவருடைய மெயிலையும் அவர் வாசித்ததில்லை.

வாய் மட்டும் கத்தி. மகனுடைய மெயிலுக்காக முள்ளியவளையில் இருந்து பஸ் ஏறி வருகிற ஒரு பெரியவர் இருந்தார். "அண்ணை, மெயில் வரேல்ல எண்டால் மகன் எழுதேல்ல எண்டு அர்த்தம். கொம்பியூட்டரைப் பாத்து முழிச்சு என்ன செய்ய?" என்று யோகமலர் எல்லார் முன்னாலும் சொல்லுவார். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு போவார். அடுத்த கிழமையும் வருவார். அவருக்கு அதே வசனம் காத்திருக்கும்.

ஒருநாள் யாரோ கொண்டுவந்த டிஸ்கில் வைரஸ் வந்து, கடை இரண்டு நாள் பூட்டு. எனக்குத் தலை வெடித்தது. கொழும்பிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு வைரஸ் காவல் புரோகிராம் போட்டேன். அதில் உள்ள எல்லாக் காவலையும் திறந்துவிடச் சொன்னேன். யோகமலர் கைவைக்காமல் இருக்கப் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டி, அதை என் மனத்தோடு வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே மெயில் மறிபட்டது. முதலாவது இறங்கும், இரண்டாவது இறங்கும், மூன்றாவதில் நிற்கும். பிறகு லைன் அறுந்து பிழை காட்டும். திரும்ப எடுத்தால் முதலாவதிலிருந்து தொடங்கும். பார்த்த இரண்டு மெயிலே பத்துத் தடவை வந்தது, பின்னால் வரிசை நீண்டது.

இரண்டாம் நாள் யோகமலர் கொழும்பு ஆளிடம் தானே கேட்டு விசயத்தைப் பிடித்துவிட்டார். "முதலாளி, நீங்கள் லொறி ஓடின ஆள், உங்களுக்கு விளங்கும். சோதனைச் சாவடியில மூட்டை முழுக்க இறக்கிப் பாத்து, திருப்பி ஏத்தித்தானே விடுறாங்கள்? இதுவும் அப்பிடித்தான். மெயிலைத் தான் முழுசா வாங்கி வைச்சுச் சோதிக்குது. எங்கட லைன் ஆமை. படத்தோட வாற பாரமான மெயிலைச் சோதிச்சு முடியிறதுக்கிடையில, இஞ்சால மெயில் புரோகிராம் பாத்துக் களைச்சு லைனை வெட்டுது. மெயிலுக்கு நிக்கிற காவலை மட்டும் எடுத்துவிடுங்கோ. மற்றக் காவல் நிக்கட்டும். வைரஸ் வந்தாலும் திறக்கேக்க அது பிடிக்கும்."

"கடைய ரெண்டு நாள் பூட்டி வச்சது நான். நீங்க இல்ல" என்றேன்.

மூன்றாம் நாள் குரலை இறக்கிக் கேட்டார். "முதலாளி, எனக்கும் ஒரு மெயில் வரக் கிடக்கு." அவருடைய கணவர் கனடாவுக்குப் போய் ஒன்பது வருடம். இவரை அங்கே கூப்பிடுவதற்கு எல்லாம் எழுதிக் கொடுத்து, கொழும்பில் விசா நேர்முகத்துக்குத் திகதி வருகிற நேரம். திகதிக் கடிதத்தை ஸ்கான் பண்ணி அனுப்புவதாகக் கணவர் சொல்லியிருந்தார். யோகமலரின் வீட்டில் தொலைபேசி இல்லை. கடை லைனையோ, மறிபட்ட மெயிலை இழுத்து இழுத்து நாங்களே பகல் முழுக்கப் பிடித்து வைத்திருந்தோம்.

"உங்களுக்கு அது வந்துட்டா, எனக்கு இங்க யாரு இருக்கா?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. அது பகிடிதான் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு அப்படிச் சொல்லத் துணியமாட்டேன். அவர் போனால் கடை படுத்துவிடும் என்று எனக்குத் தெரியும். வியாபாரி எதையும் தெரியாமல் பேசுவதில்லை.

ஒன்பதாம் நாள் பாஸ்வேர்டைக் கொடுத்தேன். அவருக்காக இல்லை. சனம் புதிதாகத் திறந்த எதிர்க் கடைக்குப் போகத் தொடங்கியதால். அந்த ஒன்பது நாளும் முள்ளியவளைப் பெரியவரிடம் அவர் அந்த வசனத்தைச் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மெயில் காவலுக்கு நேரே இருந்த ஒரு புள்ளடியை எடுத்தார், மெயில் புரோகிராம் காத்திருக்கிற நேரத்தைக் கூட்டினார், கொம்பியூட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டார். அவ்வளவுதான். நாற்பத்தொரு மெயில் மளமளவென்று இறங்கியது. எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, கவிழ்த்து, மடித்து, நின்றவர்களுக்குக் கொடுத்தார். பெரியவருக்கு மூன்று. கடைசியாகத் தன்னுடையதை நிமிர்த்திப் பார்த்தார். நேர்முகம் முடிந்து நான்கு நாள்.

அழவில்லை. மடித்து, ஸ்டேப்ளர் அடித்து, மேலே "யோகமலர், வவுனியா" என்று எழுதினார். என்னைப் பார்த்து, "முதலாளி, உங்கட கொம்பியூட்டருக்கு ஒண்டும் நடக்கேல்ல. வடிவா இருக்குது" என்றார்.

வேறு திகதி கேட்டுத் திரும்ப எழுதிப் போட்டார்கள். அது இழுபட்டது, பிறகு நாட்டு நிலைமையும் இழுபட்டது. இரண்டு வருடம் கழித்து அவர் பெயருக்குக் கணவரிடமிருந்து ஒரு மெயில். பிரிண்டரில் இருந்து எடுத்துக் கவிழ்த்தபடியே என்னிடம் நீட்டினார். "மெயில் வாசிக்கிறது என்ர வேலை இல்லை. நீங்கள் வாசியுங்கோ. சத்தமா."

கடையில் நான்கைந்து பேர் நின்றார்கள். வாசித்தேன். எனக்காக இனிக் காத்திருக்கவேண்டாம், நான் இங்கே வேறொரு வாழ்க்கை தொடங்கிவிட்டேன் என்று எழுதியிருந்தது. என் நாக்கு இடறிய இடத்தில், "விளங்கேல்ல, திருப்பி வாசியுங்கோ" என்றார். திருப்பி வாசித்தேன். முடிந்ததும் வாங்கி மடித்து ஸ்டேப்ளர் அடித்தார். "அடுத்தது ஆர்?" என்று வரிசையைப் பார்த்துக் கேட்டார்.

அதற்குப் பிறகு ஒருநாள், "என்மேல கோவமா?" என்று கேட்டேன்.

"கோவம் எண்டால் எப்பவோ போயிருப்பன். நீங்கள் ஒவ்வொரு நாளும் என்ர முகத்தைப் பாக்கவேணும் எண்டுதான் நிக்கிறன்."

சொன்னபடி நின்றார். ஒருநாள் லீவு எடுக்கவில்லை.

திரும்பச் சண்டை தொடங்கிப் பாதை பூட்டிய பிறகு வன்னிப் பக்கத்து ஆட்கள் வரமுடியவில்லை. மெயில் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஜெயபுரம், முள்ளியவளை என்று பெயர் பெயராக வரும். வர ஏலாத ஆட்களுக்கு ஏன் பேப்பரை வீணாக்குகிறீர்கள் என்று கேட்டேன். "மறிபட்டது ஆக்கள்தானே, மெயில் இல்லையே. என்ர பக்கத்தில ஒண்டும் மறிபடக் கூடாது" என்றார். ஒரு பெரிய தகரப் பிஸ்கட் ரின்னில் அடுக்கி வைத்தார். பெரியவருடையது மட்டும் ஒரு கட்டு. தன்னுடைய இரண்டையும் அதற்குள்ளேயே போட்டிருந்தார். செத்த பிறகு திறந்துதான் கண்டேன்.

செத்த வீடு முடிந்த மறுநாள் நானே கடையில் இருந்து, கனடாவுக்கு இரண்டு வரி எழுதினேன். யோகமலர் இறந்துவிட்டார், தெரியப்படுத்துகிறேன் என்று. விடிந்தபோது பதில் வந்து கிடந்தது. தலைப்பில் என் பெயர் இல்லை. "யோகமலர், வவுனியா" என்று இருந்தது. படங்களோ என்னவோ, பாரமான மெயில்.

பிரிண்ட் எடுத்தேன். கவிழ்த்தேன். மூன்றாக மடித்து, ஸ்டேப்ளர் அடித்து, பெயர் எழுதி ரின்னுக்குள் வைத்தேன். வாசிக்கவில்லை. வாசிக்கச் சொல்ல ஆளில்லை. அந்த ரின் இனி என்னோடு இருக்கும். பெரியவர் வந்தால் அவருடைய கட்டைக் கொடுப்பேன். யோகமலருடைய மூன்றும் என்னிடம்தான்.

அவ்வளவு பாரமான மெயில், இறங்குவதற்கு இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை.