ஐம்பத்தாறாம் ஊரில் அண்ணன்

1972 ஜனவரி 16, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதே கால். பனி விலகவில்லை, கடம்பத்தூர் ஸ்டேஷனில் சிக்னல் கம்பம்கூடப் பாதிதான் தெரிந்தது. நானும் பெரியம்மாவும் திருவள்ளூர் போக ரயிலுக்கு நின்றோம். ரயில் இருபத்திரண்டு நிமிடம் தாமதம்.

பெரியம்மாவின் மகன், என் அண்ணன், பட்டாளத்தில் இருந்தான். பாகிஸ்தானோடு சண்டை முடிந்து ஒரு மாதமாகியும் கடிதம் இல்லை. பெரியம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிப் போட்டது ஒன்பது இன்லண்ட். பதில் ஒன்றுகூட இல்லை. அவள் இரவில் சாப்பிடுவதை விட்டுவிட்டாள்.

விலாசத்தில் அண்ணனின் பெயரும் நம்பரும் பிரிவும் இருக்கும். அதன் கீழே 56 ஏ.பி.ஓ. அதை ஓர் ஊர் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். பள்ளிக்கூட அட்லஸில்கூடத் தேடியிருக்கிறேன். அது எங்கெங்கோ கிடக்கும் ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்குப் பொதுவான தபால் எண் என்று எனக்குத் தெரியப் பல வருடங்கள் ஆயின. திருவள்ளூர்க்காரர் ஒருவர் கையில் காயத்தோடு லீவில் வந்திருக்கிறார், அவர் விலாசமும் ஐம்பத்தாறுதான் என்று தபால்காரர் சொன்னதும், ஒரே ஊர்க்காரனைப் பார்க்கப் போவதுபோல் பெரியம்மா கிளம்பிவிட்டாள்.

அந்தத் திருவள்ளூர்க்காரருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். வலது கையில் கட்டு. பெரியம்மா உட்காரக்கூட இல்லை.

"நைனா, நீயும் அம்பத்தாறுலதானே கீற? எம்புள்ளைய பாத்தியா?"

அவர் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் கைக்கட்டைப் பார்த்தார்.

"பாக்காம இன்னாம்மா? பாத்தேன்."

"நல்லா கீறானா?"

"ஜம்முனு கீறாரு."

"ஒயுங்கா துன்றானா?"

"ரெண்டு ஆள் சோறு துன்றாரு. லேசா தொப்பைகூட வெச்சிட்டாரு."

"தொப்பையா! அவனுக்கா!" பெரியம்மா சிரித்தே விட்டாள். "இங்க ஒரு வாய் துன்ன வெக்க நான் பட்ட பேஜாரு... அப்ப லெட்டர் மட்டும் ஏன் போடமாட்றான்?"

"எழுதிக்கினுதாம்மா கீறாரு. தபால் வண்டிதான் வர்ல."

பெரியம்மா அப்போதுதான் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அவர் எனக்குக் கொய்யாக்காய் பறித்துத் தருவதாகச் சொல்லிப் பின்பக்கம் கூட்டிப் போனார். மரத்தடியில் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, உங்க அண்ணன் பேரு இன்னா சொன்னீங்க? எந்தப் பிரிவு? ஆள் எப்டி இருப்பாரு?"

எனக்கு எரிச்சலாக வந்தது. கூடவே இருந்து தொப்பையைப் பார்த்தவருக்கு ஆள் அடையாளம் எதற்கு? இருந்தாலும் சொன்னேன்: ஐந்தடி ஏழரை அங்குலம், இடது புருவத்தில் தழும்பு, நடையில் லேசான சாய்வு. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். கொய்யாக்காயை மறந்தே போனார்.

அண்ணனின் கடிதம் வர அதற்குப் பிறகு பத்தொன்பது நாளாயிற்று. அந்தப் பத்தொன்பது நாளும் பெரியம்மா மூன்று வேளை சாப்பிட்டாள்.

ஆனால் அன்று, திரும்புகிற ரயிலுக்காக நிற்கும்போது, "தோட்டத்துல உன்னாண்ட இன்னாடா பேசினாரு?" என்று கேட்டாள். இந்த ஆளுக்கு அண்ணனை அடையாளமே தெரியவில்லை என்று புகார் சொல்லவே நான் வாயைத் திறந்தேன். பதிலுக்குக் காத்திராமல், "தொப்பையாம்டா!" என்று மறுபடி சிரித்தவள், அந்தப் பக்கமாக வந்த கூடைக்காரியிடம் சூடான வேர்க்கடலை வாங்கி, திறந்திருந்த என் வாயிலேயே ஒரு கை போட்டாள். மென்று முடிப்பதற்குள் ரயில் வந்துவிட்டது. சொல்ல வந்ததும் மறந்துவிட்டது.

பொட்டலம் பத்து பைசா.