முருங்கைக் கீரை உருவிய கை

முருங்கைக் கீரை உருவுவதில் எங்கள் வீட்டில் என்னை மிஞ்ச ஆளில்லை. காம்பை இடக்கையில் பிடித்து வலக்கையால் ஒரே இழுப்பு. இலை மொத்தமும் முறத்தில் விழுந்துவிடும். இந்தப் பெருமையோடுதான் ஒன்பது வயதில், பொங்கல் லீவுக்கு இண்டூரிலிருந்து வத்தல்மலை அத்தை வீட்டுக்குப் போனேன்.

அத்தை ஆப்பிள் வைத்திருந்தாள். பன்னிரண்டு மரம், என்னைவிடக் கொஞ்சம் உயரம். மூன்று வருடமாகியும் ஒரு பூ இல்லை. "உங்கூட்டு காஷ்மீரு எப்படிங்க இருக்குது?" என்று ஊரே கேட்டுக் கேட்டு மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்த வருசமும் பூக்கலைன்னா அத்தனையும் வெட்டிப்போட்டு மொளகுக்கொடி வெச்சிருவேன்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

அத்தை எங்கேயோ கேட்டு ஒரு வழி தெரிந்து வைத்திருந்தாள். "இங்க குளிரு பத்தாது பாப்பா. மரம் தூங்கவே மாட்டேங்குது. எலையெல்லாம் நாமளே கிள்ளிட்டா, பனிக்காலம் வந்து போயிருச்சுன்னு நெனச்சுப் பூ வெச்சிரும்."

ஒரு மரத்தை அவளே கிள்ளிக் காட்டினாள். ஒவ்வோர் இலையாக, பாதிக் காம்பை மரத்திலேயே விட்டு. "அடியில மொளகாட்டம் மொட்டு இருக்குது பாரு, அதுலதான் பூ வரணும். அது மேல கை படக்கூடாது." சரிங்கத்தை என்று பெரிதாகத் தலையாட்டினேன்.

வானம் மூடிக்கொண்டு வந்ததால், காயப்போட்டிருந்த காப்பிக்கொட்டையை வாரப் போய்விட்டாள். நான் பத்து இலை வரை ஒழுங்காகத்தான் கிள்ளினேன். அப்புறம் சலித்துவிட்டது. சும்மா இருக்குமா முருங்கைக் கீரை உருவிய கை? அவள் திரும்பி வருவதற்குள் பதினோரு மரமும் மொட்டை.

அத்தை ஒரு கிளையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "கையி என்னா வேகம்டி உனக்கு!"

சாயந்தரம் இலைக்குவியலின் முன் உட்கார்ந்து துழாவிக்கொண்டிருந்தாள். என்ன தேடுகிறீர்கள் என்றதற்கு, "கம்மல் திருகாணி உழுந்துருச்சு பாப்பா" என்றாள். நானும் தேடினேன். மிளகு போல ஏதேதோ கையில் அகப்பட்டன, தூக்கி எறிந்தேன். அவள் அவற்றைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த வருடம் அவள் கிள்ளிய ஒரு மரம் மட்டும் பூத்ததாம். ஒரு மரத்துக்காக மாமா இரங்கவில்லை. "மண்ணு ஒத்துக்கல" என்றுதான் அத்தை கடைசிவரை எல்லோரிடமும் சொன்னாள்.

போன மாதம் அதே மலையில் வேறொருவர் தோட்டத்தில் ஆப்பிள் பார்க்கப் போனேன். இலை கிள்ளுவதைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டே வந்தார்: "உருவிட்டா மொட்டும் கூடவே வந்துரும்ங்க. அந்த வருசம் அவ்வளவுதான்." மன்னிப்புக் கேட்க அத்தை இப்போது இல்லை.

அன்று தேடித் தேடி இருட்டியும் திருகாணி கிடைக்கவில்லை. மறுநாள் காலை என்னை பஸ் ஏற்றிவிட வந்தபோது அத்தையின் இரண்டு காதிலும் கம்மல் இருந்தது. எப்படியோ கிடைத்துவிட்டதே என்று ஜன்னல் வழியாகக் கை தட்டிச் சிரித்தேன்.